அளவக்காவின் ஒரு அங்குலம்

இணையத்தில் சட்டை வாங்குகிறவர் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை; தோளில் வைத்துக் கண்ணாடி முன் நிற்பதுமில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், பிறகு அதன் கீழே இருக்கும் எண்ணை நம்புகிறார். வணிகவியல் முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நான் பகுதிநேரமாக வேலை பார்த்த கடையில் அந்த எண்ணை எழுதியவர் ஒரே ஒரு பெண்மணி. சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. எங்கள் எல்லாருக்கும் அவர் அளவக்கா.

கடை என்கிறேனே தவிர, அதற்கு வாசலில் பலகை கிடையாது. எந்த வாடிக்கையாளரும் அதன் படியை மிதித்ததும் கிடையாது. டயர் கடைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. கீழே இரும்பு அலமாரிகள், பார்சல் கட்டும் மேசை, திருப்பி அனுப்பப்படும் மூட்டைகள் வந்து விழும் மூலை. மேலே படம் எடுக்கும் அறையும் முதலாளியின் அறையும். பெண்கள் வேலைக்கு அணிந்து போகும் சட்டைகள் மட்டுமே விற்பனை. பதினொரு பேர் வேலை செய்தோம். மூலையில் மூட்டை அவிழ்ப்பவரை ரிட்டன் அண்ணன் என்பார்கள். அவர் அவிழ்த்துத் தரும் ஒவ்வொரு சட்டைக்கும் வாடிக்கையாளர் என்ன காரணம் சொல்லியிருக்கிறார் என்று கணினியில் ஏற்றுவது என் வேலை. அதற்கு வைத்துக்கொள்ளச் சொன்ன பட்டியலில் ஐந்து காரணங்கள்தாம்: அளவு சிறிது, அளவு பெரிது, நிறம் வேறு, மனம் மாறியது, மற்றவை.

முதலாளியின் அறைச் சுவரில் 'வாடிக்கையாளர் பயணம்' என்று தலைப்பிட்ட பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. படம் பார்த்தல், தேர்ந்தெடுத்தல், கூடையில் போடுதல், பணம் கட்டுதல், பார்சல் வாங்குதல், கருத்து எழுதுதல் என்று ஆறு கட்டங்கள்; கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. அளவக்காவின் மேசை அந்தத் தாளில் எங்குமே இல்லை. இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவே, அந்த அம்புக்குறி தொடங்கும் இடத்தில், அவர்தான் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் நூல் பிசிறு வெட்டுவதிலும் சரிபார்ப்பதிலும் கழித்தார். தொழிற்சாலை ஒரு நாள் காலையில் திறக்கவேயில்லை. அடுத்த மாதமே, கார் நிறுத்துமிடத்தில் மூன்று அலமாரிகளோடு அப்போதுதான் தொடங்கியிருந்த இந்தக் கடைக்கு வந்துவிட்டார். கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். பள்ளிக்குப் போகும் ஒரு மகள். கழுத்தில் எப்போதும் ஒரு துணி டேப். பேருந்தில் வரும்போதும் அதைக் கழற்றமாட்டார்.

"அக்கா டெய்லரா?" என்று நடத்துநர் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"தைக்கத் தெரியாதுப்பா. அளக்க மட்டும்தான் தெரியும்."

"என்னையும் அளந்துராதீங்க."

"உன்னை ஏறும்போதே அளந்தாச்சு. மீதிச் சில்லறையைக் குடு."

நாங்கள் கொடுக்கும் துணியில் சட்டை தைத்துத் தந்தவை ஐந்து தையல் வீடுகள். ஒரு வீட்டின் நாற்பது இன்னொரு வீட்டின் முப்பத்தெட்டாக இருக்கும் என்பதால், அளவுச் சீட்டு ஒட்டாமல்தான் சட்டைகளை வாங்குவோம். அளவக்கா ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப்பை இழுத்துப் பிடித்து, எண்ணை இரட்டித்துச் சீட்டு ஒட்டி, அதற்குரிய குவியலில் போடுவார். நாளொன்றுக்கு ஐம்பது சட்டை. விற்பனை கூடும் மாதங்களில் எண்பது. ஒவ்வொரு குவியலின் அளவையும் தேதியோடு நோட்டில் எழுதிய பிறகுதான் அது இணையப் பக்கத்துக்குப் போகும். ஆறு ஆண்டுகளில் பதினான்கு நோட்டுகள் நிறைந்திருந்தன. அடித்தல் திருத்தல் இல்லாத அந்த நோட்டுகளை முதன்முதலாகப் புரட்டிய நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என் வகுப்புத் தோழர்களிடம் விளக்க முயன்று தோற்றேன்.

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். வெள்ளைச் சட்டையில் டேப்பின் அழுக்குப் படக்கூடாது என்று சனிக்கிழமைதோறும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் திங்களன்று எடுத்து வருவார். ஆறு ஆண்டுகளில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் முதலாளி கடையைப் புதுப்பித்தார். புது விளக்குகள், புது கேமரா, பக்கத்துக்குப் புது நிறம். அளவெடுப்பதைக் காணொளியாகப் போட்டால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும் என்று யாரோ சொன்னார்கள். படம் எடுப்பவர் அளவக்காவின் கழுத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அக்கா, இதுல நம்பரே தெரியலையே. பழைய வாழைநார் மாதிரி இருக்கு."

"எனக்குத் தெரியுதுல்ல?"

"கேமராவுக்குத் தெரியணுமே!"

அன்று பிற்பகலே பளபளவென்று மஞ்சள் நிறத்தில் புது டேப் வந்துவிட்டது. நோட்டுகள் இருந்த அலமாரியும் விளக்குகளுக்குத் தேவைப்பட்டது. எனவே பதினான்கு நோட்டுகளையும் அடுக்கி, பழைய டேப்பாலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அளவக்கா வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

ஆறு வாரம் கழித்து மூட்டைகள் குவியத் தொடங்கின. வழக்கமாக வாரத்துக்கு ஒரு மூட்டை அவிழ்க்கும் ரிட்டன் அண்ணன் இப்போது நான்கு அவிழ்த்தார். "நான் வீட்டுக்குப் போனாக்கூட இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரமாட்டேன்" என்பார். ஒரு மாதத்தில் அனுப்பியவை ஆயிரத்து நூற்றைம்பது. திரும்பியவை இருநூற்றுப் பதினான்கு. அவற்றில் நூற்று அறுபத்தெட்டுக்கு ஒரே காரணம்: அளவு சிறிது.

நாங்கள் விற்றுவந்த இணையதளம் எச்சரிக்கை அனுப்பியது. இருபது நாளுக்குள், திரும்பி வருபவை பத்தில் ஒன்றுக்கும் கீழே குறையாவிட்டால், எங்கள் பக்கம் யார் தேடினாலும் கண்ணில் படாது. கண்ணில் படாத இணையக் கடை, பூட்டிய கடைதான்.

முதலாளி என்னிடம் அட்டவணை கேட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். 'அளவு சிறிது' என்று திரும்பிய சட்டைகளில் நூற்றுக்கு அறுபத்தொன்று ஒரே தையல் வீட்டுடையவை. நான்கு தையல் இயந்திரங்கள் வைத்து ஓர் அம்மாள் நடத்திய வீடு அது. அவரை நாலு மெஷின் அம்மா என்பார்கள். மகளும் மருமகளும் தங்கையும் அவரோடு தைத்தார்கள். எங்கள் சட்டைகளைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

"துணியை மிச்சம் பிடிக்கிறாங்க" என்றார் முதலாளி. "ஓரத்துல ஓரத்துலன்னு வெட்டி ஒரு அங்குலத்தை முழுங்கிட்டாங்க. சனிக்கிழமையோட அவங்க கணக்கை முடிச்சிடலாம்."

எங்கள் சட்டைகளில் நூற்றுக்கு அறுபத்திரண்டைத் தைப்பதே அந்த வீடுதான் என்ற ஒரு வரியை என் அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிகம் தைப்பவரின் சட்டைதான் அதிகம் திரும்பும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அழகாகக் கட்டம் போடுவதிலேயே என் கவனம் முழுவதும் போய்விட்டது.

வியாழக்கிழமை வந்த மூட்டையில் ஒரு நீலச் சட்டை இருந்தது. காரணம்: மற்றவை. அந்தக் கட்டத்துக்குக் கீழே பெரும்பாலும் யாரும் எதுவும் எழுதமாட்டார்கள். இவர் எழுதியிருந்தார்:

"நான் மருத்துவமனையில் செவிலியர். நோயாளிகளைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை. உங்களிடம் நாற்பது அளவில் இதற்கு முன் ஏழு சட்டைகள் வாங்கியிருக்கிறேன். கையை உயர்த்தினால் எதுவும் இழுக்காது. இந்த எட்டாவது இழுக்கிறது. ஏழையும் எட்டையும் வீட்டில் அளந்து பார்த்தேன். எட்டாவது சரியாக நாற்பது. முந்தைய ஏழும் நாற்பத்தொன்று. நாற்பது என்று சொல்லி நாற்பத்தொன்று கொடுத்துவந்த அந்தப் பொய்க்கு என் நன்றி. முடிந்தால் தொடரவும்."

நான் அதைப் படித்துக் காட்டியபோது ரிட்டன் அண்ணன் சிரித்தார். அளவக்கா சிரிக்கவில்லை. நீலச் சட்டையை விரித்து மஞ்சள் டேப்பால் அளந்தார். சரியாக நாற்பது.

"இந்தம்மா வாங்குன பழைய ஏழும் என்னைக்கு அனுப்பினதுன்னு கம்ப்யூட்டர்ல இருக்குமா, படிப்பு?" என்று என்னைக் கேட்டார். அங்கே எனக்கு அதுதான் பெயர்.

"இருக்கும் அக்கா."

"தேதியை எழுதிக்கிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வா. என் நோட்டுல என்ன எழுதியிருக்கேன்னு பார்த்துடுவோம். நாற்பத்தொண்ணை நாற்பதுன்னு எழுதற ஆள் இல்லை நான்."

ஆறரை மணிக்குப் போனேன். முன்னறையில் கணவர் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் தரையில் கிடத்தி ரப்பர் பட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அளவக்கா கட்டை அவிழ்த்து நோட்டுகளைப் பரப்பினார். ஏழு தேதிகளையும் தேடினோம். ஏழிலும் அவர் கையெழுத்தில் ஒரே எண்: நாற்பது. செவிலியர் தவறாக அளந்திருக்கிறார் என்றுதான் நான் முடிவு செய்தேன்.

அளவக்கா நோட்டுகளைத் திரும்பக் கட்டுவதற்காகப் பழைய டேப்பை எடுத்தார். அப்படியே கை நின்றது. கழுத்திலிருந்த மஞ்சள் டேப்பைக் கழற்றினார். இரண்டின் தொடக்க முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தரையில் என் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார். மறுமுனையை நோக்கி இரண்டையும் நீவிக்கொண்டே போனார். பத்தில் கால் அங்குலம் விலகியது. இருபதில் அரை. பழைய டேப்பின் நாற்பதுக்கு நேரே மஞ்சள் டேப் நாற்பத்தொன்று காட்டியது.

ஆறு ஆண்டுகளின் இழுப்பும் முந்நூறு சனிக்கிழமைகளின் இஸ்திரியும் அந்தத் துணியை நீட்டியிருந்தன. நாற்பத்தொன்று இருந்த சட்டையை அது நாற்பது என்று சொல்லிவந்திருக்கிறது. புது டேப் உண்மையைச் சொன்னதும், பழைய நாற்பது அடுத்த பெரிய அளவின் குவியலுக்குப் போய், ஓர் அங்குலம் குறைந்த சட்டை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. எந்தத் தையல் வீடும் எதையும் மாற்றவில்லை.

"என்ன, ரெண்டு பாம்பைப் பிடிச்சவ மாதிரி உட்கார்ந்திருக்க?" என்றார் கணவர்.

"ஆறு வருஷமா ஒரு அங்குலம் தப்பா அளந்திருக்கேங்க."

"யாராவது குறை சொன்னாங்களா?"

"ஒருத்தர்கூட இல்லை. அதான் எனக்குத் தெரியாமலே போச்சு."

கணவர் ரப்பர் பட்டையைக் கீழே வைத்தார். "அப்போ ஒண்ணு பண்ணு. நாளைக்குப் பழசையே கழுத்துல போட்டுக்கிட்டுப் போ. பார்சல் திரும்பறது நின்னுடும். உன் வேலைக்கும் ஆபத்தில்லை. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்கும் அந்த யோசனை நன்றாகவே பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

அளவக்கா இரண்டு டேப்புகளையும் மறுபடி சேர்த்து நீவிப் பார்த்தார். அளவெடுப்பதற்காக மட்டுமே வேலையில் இருப்பவர், ஆறு ஆண்டுகளாகத் தவறாக அளந்தேன் என்று சொன்னால் அதற்குப் பிறகு அந்த மேசையில் அவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். பதினான்கு நோட்டுகளும் எதற்கு என்றும் கேட்கலாம்.

"பார்சல் நிக்கும்," என்றார் கடைசியில். "ஆனா நாளன்னைக்கு நாலு மெஷின் அம்மாவோட வேலையும் நின்னுடுமே. சட்டை திரும்பாமப் போனதும், 'பார்த்தியா, அந்தத் திருட்டுக் கை போனதும் எல்லாம் சரியாயிடுச்சு'ன்னுதானே சொல்வாங்க? அந்தப் பழியை அவங்க எந்தச் சோப்புப் போட்டுத் துவைப்பாங்க?"

கணவர் ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டார். "சரி, காலையில நேரத்தோட கிளம்பு. முதலாளி சாப்பிட்டு முடிச்ச பிறகு சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் மாடியேறியபோது முதலாளி தொலைபேசியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். "நாளை வரைக்கும் எதுக்குன்னு இப்பவே சொல்லிட்டேன். வெட்டாத துணியைத் திருப்பிக் கொடுக்க அந்தம்மா கிளம்பிட்டாங்க" என்றார்.

அளவக்கா இரண்டு டேப்புகளையும் மேசையில் விரித்தார். நான் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். இந்த முறையும் நாற்பதில் ஓர் அங்குலம்.

முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இதை இப்பச் சொல்றீங்களே!"

"நேத்துச் சாயங்காலம்தான் சார் தெரிஞ்சுது."

"ஆறு வருஷமா நம்ம பக்கத்துல போட்ட அளவெல்லாம் தப்பா?"

"எல்லாம் தப்பு சார். ஒரே மாதிரி தப்பு."

மூட்டைக்குக் கையெழுத்து வாங்க வந்த ரிட்டன் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால், இரண்டு கைகளிலும் துணிக் கட்டுகளோடு நாலு மெஷின் அம்மா படியேறி வந்தார். அழுத முகமாக இல்லை. கோபத்தை அடக்கிய முகம்.

"துணி எல்லாம் எண்ணிப் பார்த்துக்கோங்க. ஒரு துண்டுகூட என் வீட்டுல இல்லை. என் கத்தரியைத்தானே குறை சொன்னீங்க? கத்தரியையும் கொண்டாந்திருக்கேன், வச்சு அளந்து பாருங்க" என்று மேசையில் வைத்தார்.

முதலாளி வாயெடுப்பதற்குள் அளவக்கா பேசினார். "உங்க கத்தரி மேல தப்பில்லைம்மா. தப்பு என் கழுத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

நாலு மெஷின் அம்மாவுக்குப் புரியவில்லை. அளவக்கா நடந்ததை முதலிலிருந்து, துவைத்தது, இஸ்திரி போட்டது எதையும் விடாமல் சொன்னார். அப்போது நானும் என் அட்டவணையில் விட்டுப்போன வரியைச் சொன்னேன். அதைக் கேட்டு முதலாளி என்னைப் பார்த்த பார்வை என் படிப்புக்குக் கிடைத்த சரியான மதிப்பெண்.

முதலாளி செவிலியரின் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தார். 'அந்தப் பொய்க்கு என் நன்றி' என்ற இடத்தை வாய்விட்டே படித்தார். பிறகு சுவரில் இருந்த ஆறு கட்டங்களையும் அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ நம்ம கடை இத்தனை நாள் ஓடினது அந்த ஒரு அங்குலத்துலயா?"

"விளக்கு வாங்கினதுக்குப் பதிலா இன்னும் நாலு பழைய டேப் வாங்கியிருக்கலாம் சார்" என்றார் ரிட்டன் அண்ணன்.

முதலில் சிரித்தது நாலு மெஷின் அம்மா. அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது.

முதலாளி எழுந்து துணிக் கட்டுகளைத் தன் கையால் எடுத்து அவரிடம் கொடுத்தார். "அம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. தைச்சுக் கொடுங்க, எப்பவும் தைக்கிற மாதிரியே." பிறகு அளவக்காவைப் பார்த்தார். "நீங்க என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. அளவு உங்க இலாகா."

அளவக்கா அதையும் யோசித்து வைத்திருந்தார். பழைய டேப்புக்குத் திரும்ப வேண்டாம். புது டேப்பாலேயே உண்மையாக அளப்போம். ஆனால் பக்கத்தில் இரண்டு எண்கள் போடுவோம். உடம்பு நாற்பது, சட்டை நாற்பத்தொன்று. அந்த அங்குலம் எதற்கு என்று ஒரு வரியும் எழுதுவோம். அந்த வரியை அவரே சொன்னார்: "கையை உயர்த்துவதற்கு."

அன்றைக்கே அலமாரியில் இருந்த சட்டைகள் அனைத்தையும் இறக்கி மறுபடி அளந்தோம். படம் எடுப்பவரும் கேமராவை வைத்துவிட்டு வந்து சீட்டு ஒட்டினார். செவிலியருக்கு நாற்பத்தொன்று உள்ள நீலச் சட்டை போனது, கூடவே அளவக்கா கைப்பட எழுதிய சீட்டு: "நீங்கள் அளந்து பார்த்ததால் ஒரு வீட்டில் நான்கு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களுக்குத்தான் எங்கள் நன்றி." இருபதாம் நாள் கணக்கில் நூற்றுக்கு ஏழு சட்டைகளே திரும்பியிருந்தன. பக்கம் தப்பியது.

அளவு மேசையின் விளிம்பில் இப்போது ஓர் இரும்பு அளவுகோல் பதித்திருக்கிறார்கள். திங்களன்று காலையில் டேப்பை அதன்மேல் வைத்துப் பார்த்து, தேதியிட்டு, பதினைந்தாம் நோட்டில் கையெழுத்திட்ட பிறகே அளவக்கா முதல் சட்டையை விரிப்பார். டேப்பைத் துவைப்பதை நிறுத்தவில்லை. இஸ்திரி மட்டும் இல்லை. என் ஆய்வேட்டில் வாடிக்கையாளர் பயணத்துக்கு ஏழு கட்டங்கள் வரைந்திருக்கிறேன். வழிகாட்டிப் பேராசிரியர் ஏழாவது எதற்கு என்று கேட்டபோது, இதுவரை எழுதியதைத்தான் அவருக்குச் சொன்னேன். ஒரு தவறான அட்டவணையால் நான்கு பேரின் வேலையைப் பறித்த பாவத்திலிருந்து என்னைக் காத்தவர் அளவக்கா என்பதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

நான் அங்கிருந்து விலகிய மாதத்தில் நாலு மெஷின் அம்மா ஒரு தனிப் பொட்டலம் கொண்டுவந்தார். அளவக்காவுக்கு அவரே தைத்த சட்டை, இளம்பச்சை.

"ஊரையே அளக்கிறீங்க. உங்களை யாராவது அளந்தாங்களா?"

"நீங்க எப்போம்மா அளந்தீங்க? எந்த டேப்பால?"

"கண்ணாலதான். டேப்பை எல்லாம் யார் நம்புறது?"

மறுநாள் அளவக்கா அதை அணிந்து வந்தார். இடுப்பில் சற்றுத் தொளதொளவென்று இருந்தது.

"அக்கா, அளவு பெரிதுன்னு ரிட்டன் போட்டுடவா?" என்றார் ரிட்டன் அண்ணன்.

"போடுவ, போடுவ. கையை உடைப்பேன்" என்றவர், மேல்தட்டில் இருந்த குவியலை எடுக்க இரண்டு கைகளையும் நன்றாக உயர்த்தினார். சட்டை எங்கும் இழுக்கவில்லை.